போட்டோ எடுக்காமல் ஊர் பார்த்தவர்! மாமல்லபுரத்துக்கு முதல் முறை வருபவர்களுக்கு ஒரு 250 வருஷக் கதை

மார்கழியும் தையும் வந்துவிட்டால் மாமல்லபுரம் சிவந்துவிடும். மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டி வரும் பக்தர்கள், தரிசனம் முடிந்த கையோடு பஸ்ஸைக் கடற்கரைப் பக்கம் திருப்பச் சொல்வார்கள். வரிசையாக வந்து நிற்கும் சுற்றுலாப் பேருந்துகளிலிருந்து செவ்வாடை உடுத்திய பெண்கள் இறங்க இறங்க, ஊரே ஒரே நிறமாகிவிடும். அவர்களில் பலருக்கு இந்த ஊருக்கு இதுதான் முதல் பயணம். உள் மாவட்டங்களிலிருந்து வரும் சில பாட்டிகளுக்குக் கடலைப் பார்ப்பதே முதல் முறை.

"மூணு மணிக்கு வண்டி கிளம்பிடும். அதுக்குள்ள எல்லாரும் வந்துடணும்" என்று டிரைவர் சொல்லிவிடுவார். கையில் இருப்பது இரண்டு மணி நேரம்.

முதலில் வெண்ணெய் உருண்டைப் பாறை. அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல ஒரு போட்டோ, தள்ளிவிடுவதுபோல இன்னொன்று. அடுத்து கடற்கரைக் கோயில் முன்னால் குடும்பத்தோடு ஒன்று. பிறகு அலையில் கால் நனைத்து, மிளகாய்த் தூள் தூவிய மாங்காய் வாங்கி, சங்கு மாலைக்குப் பேரம் பேசி முடிப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார்.

வீட்டுக்குப் போனதும், "மகாபலிபுரத்துல என்ன பார்த்தே?" என்று பேத்தி கேட்டால், பாட்டி போனைத்தான் நீட்டுவார். அதில் இருநூறு படங்கள் இருக்கும். ஆனால், 'அந்தக் கல்லில் என்ன இருந்தது?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இதில் பாட்டியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் முறை ஒரு பெரிய ஊரைப் பார்க்கும் யாருக்கும் இதுதான் நடக்கிறது. ஆனால், இதே ஊருக்கு முதல் முறை வந்த ஒருவர், படம் ஏதும் இல்லாமல், பல வருஷம் கழித்து நினைவிலிருந்தே எழுதியிருக்கிறார். அவர் எழுதிய சில பக்கங்கள் இன்றைக்கும் பேசப்படுகின்றன.

அளவெடுக்கவில்லை, குறித்து வைக்கவும் இல்லை

அவர் பெயர் வில்லியம் சேம்பர்ஸ். ஆங்கிலேயர். பாரசீக மொழி அறிந்தவர். பிற்காலத்தில் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவர் மாமல்லபுரத்துக்கு முதலில் வந்தது 1772-ல். மனசு கேட்காமல் 1776-ல் இன்னொரு முறை வந்தார்.

அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது. ஐரோப்பிய மாலுமிகள் இந்த இடத்தை 'ஏழு கோயில்கள்' என்ற பொருளில் 'செவன் பகோடாஸ்' என்று அழைத்தார்கள். கப்பலில் போகும்போது கரையில் தெரியும் கோபுரம் அவர்களுக்கு வழி காட்டும் அடையாளம். அருகில் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த சதுரங்கப்பட்டினம்தான் அவர்களுக்குத் தெரிந்த ஊர். அதனால் சேம்பர்ஸும் 'சதுரங்கப்பட்டினத்துக்குச் சில மைல் வடக்கே உள்ள இடம்' என்றுதான் அடையாளம் சொன்னார்.

1784-ல் கல்கத்தாவில் ஆசியவியல் கழகம் தொடங்கியது. அதே ஆண்டு சேம்பர்ஸின் கட்டுரை அங்கே வாசிக்கப்பட்டது. 1788-ல் கழகத்தின் முதல் ஆய்வுத் தொகுதியில் அச்சாகியது. மாமல்லபுரம் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக வெளிவந்த ஆரம்ப காலக் கட்டுரைகளில் அது முக்கியமானது.

அந்தக் கட்டுரையில் அவர் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். தான் எதையும் அளந்து பார்க்கவில்லை, பார்த்தபோது குறிப்பும் எழுதி வைக்கவில்லை, இத்தனை வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதால் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இரண்டாவது முறை வந்ததற்கும் எழுதியதற்கும் இடையே சுமார் எட்டு வருஷம்!

அப்படியிருந்தும் அவருடைய முதல் பார்வை தெளிவாக இருக்கிறது. சமவெளியிலிருந்து திடீரென்று எழும் பாறைக் குன்று, தூரத்திலிருந்து பார்க்க ஏதோ பழைய மாளிகைபோலத் தெரிந்ததாம். வடக்கிலிருந்து நெருங்க நெருங்கச் சிற்பங்கள் கண்ணில் வந்து மொய்த்ததில், 'ஊரே கல்லாகிப் போனது' என்று கதைகளில் வருமே, அந்த நினைப்பு வந்ததாம். இன்றைக்கு பஸ் நிலையத்திலிருந்து நடந்து, திரும்பிய உடனே அர்ஜுனன் தபசு பாறையைப் பார்க்கும் எவருக்கும் அந்த உணர்வு புரியும்.

கிழவர்கள் சொன்ன செப்புக் கோபுரங்கள்

சேம்பர்ஸ் பார்த்ததோடு நிறுத்தவில்லை. ஊர்க்காரர்களிடம் கேட்டார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

கடலுக்குள் வெகு தூரத்தில் பல கோயில்களின் உச்சிகள் தெரிந்ததைத் தாங்கள் பார்த்திருப்பதாக வயதானவர்கள் சொன்னார்களாம். அந்த உச்சிகளில் செப்புத் தகடு வேய்ந்திருந்ததால் சூரியன் உதிக்கும் நேரத்தில் பளபளவென்று மின்னுமாம். பிறகு தகட்டில் களிம்பு ஏறிவிட்டதால் அந்த மினுமினுப்பு போய்விட்டது என்றார்களாம்.

அதோடு ஒரு புராணக் கதையும் அவருக்குக் கிடைத்தது. இந்த ஊரை ஆண்ட ஓர் அரசன், ஒரு தேவகன்னியின் உதவியோடு மாறுவேடத்தில் இந்திரனின் சபைக்கே போய்வந்தான். அங்கே பார்த்த அழகையெல்லாம் மனசில் வைத்து, தன் நகரத்தை அதேபோலக் கட்டினான். பூமியில் இதற்கு இணையான நகரம் இல்லை என்று பேர் பரவியது. தேவர்களுக்குப் பொறாமை வந்துவிட்டது. இந்திரன் கடலரசனை ஏவ, ஒரே வெள்ளத்தில் நகரம் மூழ்கிப்போனது.

இந்தக் கதை கடல் தாண்டிப் போனது. இங்கிலாந்தின் கவிஞர் ராபர்ட் சௌதி, 1810-ல் வெளியிட்ட தன் நெடுங்கவிதையில் இந்த மூழ்கிய நகரத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஆனால், படித்தவர்கள் பலருக்கு அது வெறும் கட்டுக்கதைதான். கிழவர்கள் சொன்னதை யார் நம்புவார்கள்?

கடல் உள்வாங்கிய காலை

2002 ஏப்ரலில், கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இங்கிலாந்துக் குழுவினரோடு சேர்ந்து மாமல்லபுரம் கடலில் முக்குளித்தார்கள். மீனவர்கள் காட்டிய இடங்களில்தான் தேடினார்கள். கரையிலிருந்து சுமார் 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களும் படிகளும் செதுக்கிய கற்களும் சிதறிக் கிடந்தன. மனிதர்கள் கட்டியவைதான், பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என்று கருதினார்கள்.

அடுத்தது, யாரும் மறக்க முடியாத 2004 டிசம்பர் 26. சுனாமி அலை வருவதற்குச் சற்று முன்னால் மாமல்லபுரத்திலும் கடல் உள்வாங்கியது. அந்தச் சில நிமிடங்களில் கடலடியில் பெரிய கற்கள் வரிசையாகத் தெரிந்ததாகக் கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அலை வந்து போன பிறகு, கரையில் காலங்காலமாகக் கிடந்த மணல் அரித்துப்போய், சிங்கமும் யானைத் தலையும் செதுக்கிய பாறைகள் வெளியே வந்தன.

அதே சுனாமி இன்னொரு வாசலையும் திறந்துவிட்டது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில், புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பத்தில், மணல் விலகிய பாறை ஒன்றில் கல்வெட்டுகள் தெரிந்தன. கோயிலில் விளக்கு எரிக்கப் பொன் கொடுத்த செய்தி அதில் இருந்தது. 'கோயிலே இல்லாத இடத்தில் எந்தக் கோயிலுக்கு விளக்கு?' என்று தொல்லியல் துறையினர் 2005-ல் தோண்டினார்கள். மணலுக்கடியிலிருந்து ஒரு முருகன் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே, அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்றும் இருந்தது. சங்க காலத்தை ஒட்டியது என்று அகழாய்வு செய்தவர்கள் கணித்தார்கள்.

செப்புத் தகடு வேய்ந்த கோபுரம் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறு கோயில்கள் மூழ்கின என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. ஆனால், 'கடலுக்குள் ஏதோ இருக்கிறது' என்று அந்தக் கிழவர்கள் சொன்னது பொய்யல்ல என்று தெரிய 230 வருஷம் ஆயிற்று. சேம்பர்ஸ் அன்று கேட்டு எழுதாமல் போயிருந்தால் அந்தப் பேச்சு அச்சில் ஏறாமலே காற்றோடு போயிருக்கும்.

அவரும் தவறினார்

சேம்பர்ஸ் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. ஊர்ப் பெயரை 'மாவலிபுரம்' என்று கேட்டவர், இது மகாபலிச் சக்கரவர்த்தியின் நகரம் என்று நம்பினார். பாறையில் இருந்த எழுத்துகள் அவருக்குப் புரியவில்லை. பல்லவ மன்னர்களைப் பற்றி அவருக்குத் தெரிய வழியே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் மெல்ல மெல்லக் கதை மாறியது. 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் 'மாமல்லன்'. அதுதான் மாமல்லபுரம்.

ஐந்து ரதங்கள் கதையும் இப்படித்தான். அவற்றுக்கும் பாண்டவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவை ரதங்களும் அல்ல, ஒற்றைப் பாறையில் செதுக்கிய கோயில் மாதிரிகள். பிற்காலத்தில் மக்கள் வைத்த பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

ஆக, முதல் பார்வையில் தவறு வருவது இயல்பு. சேம்பர்ஸ் தவறுகளோடு பார்த்தார். ஆனாலும் நின்று பார்த்தார், கேட்டார், நான்கு வருஷத்தில் திரும்பி வந்தார்.

நம் எழுத்தாளர் கல்கிக்கும் இந்தக் கடற்கரை ஒரு கடன் கொடுத்திருக்கிறது. நிலவொளியில் ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் 'சிவகாமியின் சபதம்' நாவலுக்கான கரு மனசில் விழுந்தது என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அது கதையாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 12 வருஷம் ஆயிற்றாம்.

பெரிய மனிதர்கள் வந்த ஊர்

2019 அக்டோபர் 11-ம் தேதி, சீன அதிபர் ஷி ஜின்பிங் இங்கே வந்தார். வேட்டி சட்டையில் இருந்த பிரதமர் நரேந்திர மோடி, அர்ஜுனன் தபசையும், வெண்ணெய் உருண்டையையும், ஐந்து ரதங்களையும், கடற்கரைக் கோயிலையும் சுற்றிக் காட்டினார். இருவரும் ஐந்து ரதம் அருகே இளநீர் குடித்த படம் உலகம் முழுக்கப் போனது. அதே ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022-ல் இந்தியாவின் முதல் செஸ் ஒலிம்பியாட் இங்கேதான் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்து போனார்கள்.

யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை 1984 முதல் இந்த ஊருக்கு உண்டு. ஆனால், பாறைகளுக்கு அதிபரும் ஒன்றுதான், இருமுடி கட்டி வந்த பாட்டியும் ஒன்றுதான். இரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டு மணி நேரம்தானா? இப்படிப் பாருங்கள்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேரே வரலாம். தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருபவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர் வந்தால் போதும். மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. முடிந்தால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள்.

*பூனையைத் தேடுங்கள்:* அர்ஜுனன் தபசு பாறையில் தேவர், முனிவர், விலங்கு என்று ஏராளமான உருவங்கள். பெரிய யானைகளின் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள்! மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் அதே நிலை. 'முதல்ல யார் பூனையைக் கண்டுபிடிக்கிறீங்க?' என்று குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் யாரும் போனைத் தொட மாட்டார்கள்.

*நடுவில் உள்ள பிளவைப் பாருங்கள்:* அதே பாறையில், நாகர்கள் நீந்தி மேலே வரும் இடம் அது. மேலிருந்து தண்ணீர் விட்டால் அருவிபோலக் கொட்டும்படி அமைத்திருக்கிறார்கள். இதனால்தான், இது அர்ஜுனன் தவமல்ல, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்று ஒரு தரப்பு சொல்கிறது. நீங்களே பார்த்து ஒரு தீர்ப்பு சொல்லலாம்.

*கன்றை நக்கும் பசு:* அடுத்தாற்போல் இருக்கும் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. ராஜாவும் தேவரும் நிறைந்த ஊரில் நம் வீட்டுத் தொழுவம் மாதிரி ஒரு காட்சி. மாடு வைத்திருக்கும் வீட்டுப் பாட்டிகள் இங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள்.

*யானையின் முதுகு:* ஐந்து ரதங்களில் நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் வளைந்திருக்கும். அந்த வகைக்குத் 'தூங்கானை மாடம்' என்று பெயர், படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல இருப்பதால். பக்கத்திலேயே ஒரு முழு யானையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் பாருங்கள், சிற்பி சொன்னது புரிந்துவிடும்.

*முடிக்காத வேலை:* ரதங்களின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். மேலே நகைபோல வேலைப்பாடு, கீழே கரடுமுரடான பாறை. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து, எங்கேயோ நின்றுவிட்டார்கள். ஏன் நின்றது? பிளந்து கிடந்த பாறையைப் பார்த்த சேம்பர்ஸ், பூகம்பம் என்று ஊகித்தார். இன்றும் அதற்கு முடிவான விடை இல்லை.

வெண்ணெய் உருண்டை? கண்டிப்பாகப் போட்டோ எடுங்கள். சுமார் 250 டன் எடையுள்ள பாறை சரிவில் அப்படி நிற்பதை ரசிக்காமல் வர முடியுமா? 1908-ல் ஆங்கிலேய ஆளுநர் ஒருவர் ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்று சொல்வார்கள். ஆனால், அதையே முதலும் கடைசியுமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

உளிச் சத்தத்திடம் கேளுங்கள்

சேம்பர்ஸ் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டார். இன்று கேட்பதற்குச் சிற்பிகள் இருக்கிறார்கள். ரதங்களுக்குப் போகும் வழியெல்லாம் சிற்பக்கூடங்கள். இங்கே 1957-ல் தொடங்கிய அரசு கட்டட மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி இன்றும் நடக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கிரைண்டர் மெஷின் கல்லை வெட்டித் தருகிறது, தூசியும் பறக்கிறது. ஆனாலும் முகத்தில் கண் திறப்பதற்கு உளிதான் வேண்டும். சின்னப் பிள்ளையார் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல், 'அண்ணே, இது என்ன கல்லு? செய்ய எத்தனை நாள் ஆச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளையார் வீட்டுக்குப் போனதும் ஒரு கதையோடு உட்கார்ந்திருப்பார்.

கடலில் மட்டும் கவனம். இந்தக் கரையில் ஆழமும் இழுப்பும் சட்டென்று மாறும். முதல் முறை கடலைப் பார்த்த சந்தோஷத்தில் இறங்கி, திரும்பாமல் போன உயிர்கள் உண்டு. குளிக்கக் கூடாது என்று போலீஸார் சொன்னால் அதை மீறாதீர்கள். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, அலை வந்து பாதம் தொடும் தூரத்தில் நிற்பதே போதும்.

வருஷா வருஷம் வருபவர்கள்

மாமல்லபுரத்துக்கு ஒரு முறை வந்து போவதோடு நிறுத்தாதவர்களும் உண்டு. மாசி மகம் வந்தால் பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் இந்தக் கடற்கரையில் கூடுகிறார்கள். மணலில் கழி நட்டு, சேலைகளைக் கட்டிக் குடில் போடுகிறார்கள். இரவு முழுக்க அங்கேயே தங்கி, விடியலில் மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும், கல்யாணமும் நடக்கும், குழந்தைக்கு மொட்டை போடுவார்கள். அன்று கடற்கரைக் கோயில் அவர்களுக்குப் பின்னால் ஓரமாக நிற்கும். அவர்கள் பார்க்க வந்தது கோயிலை அல்ல, கடலில் இருக்கும் தங்கள் தாயை.

மூன்று மணி பஸ்ஸில் ஏறும் பாட்டிக்கு இன்னொரு முறை வர வாய்க்குமோ, வாய்க்காதோ. ஆனால், அன்று ராத்திரி பேத்தி கேட்கும்போது போனை நீட்டுவதற்கு முன்னால், "ஒரு கள்ளப் பூனை பார்த்தேன்டி, சாமியாராட்டம் நிக்குது!" என்று ஆரம்பித்தாரென்றால் போதும். அடுத்த மார்கழிக்குப் பேத்தியே அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவருவாள்.